5000 ரூபாய்க்குள் பன்ச்சிங் பேக்: எதை வாங்குவது, எதில் மாட்டுவது?

வயது 21, எடை 68 கிலோ, வாரம் மூன்று நாள் கிக்பாக்ஸிங் வகுப்பு, சென்னையில் மாடி வீடு, வாடகை. மீதி நாள்களில் வீட்டிலேயே பழக ஒரு ஹெவி பேக், அதாவது தொங்கவிட்டுக் குத்தவும் உதைக்கவும் ஒரு கனத்த பை வேண்டும். கையில் 5000 ரூபாய் இருக்கிறது. எந்த பிராண்டு, 4 அடியா 5 அடியா, உள்ளே மணல் போடலாமா? நீங்கள் கேட்டிருப்பது இவ்வளவுதான். பிராண்டு இதில் கடைசிக் கேள்வி. இந்த விலையில் கிடைக்கும் பைகள் பெரும்பாலும் மீரட்டிலோ ஜலந்தரிலோ தைக்கப்பட்டு, ஆளுக்கொரு பெயர் ஒட்டிக்கொண்டு வருபவை. மணல் பற்றிய கேள்வியை முதலில் கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்: இதை எதில் மாட்டப் போகிறீர்கள்?

பட்ஜெட் குறைவு என்றால் செலவை இப்படி அடுக்குங்கள். மாட்டும் சாமான் முதலில், கைக்குப் போடுவது அடுத்து, உள்ளே நிரப்புவது மூன்றாவது, வெளித்தோல் கடைசி. கடைக்குப் போகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பளபளவென்று 4000 ரூபாய்க்குத் தோலை வாங்கிவிட்டு, கம்பிக் கடையில் 40 ரூபாய்க்குக் கிடைத்த கொக்கியில் அதைத் தொங்கவிடுகிறார்கள். வெளித்தோல் கிழிந்தால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம். கொக்கி பிடுங்கிக்கொண்டு வந்தால் 35 கிலோ பேக்கும் கான்கிரீட் துண்டும் சேர்ந்து இறங்கும். 5000-ல் தோலுக்கு 2000-க்கு மேல் ஒதுக்காதீர்கள்.

ஆன்லைனில் பார்க்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். படத்தில் உருண்டு திரண்டு தொங்கும் பேக், வீட்டுக்கு வரும்போது மடித்த ஜமக்காளம் மாதிரி வரும். விலை குறைந்தவை ஏறக்குறைய எல்லாமே காலிப் பைகள். தலைப்பில் 40 கிலோ என்று போட்டிருந்தால், நிரப்பினால் அவ்வளவு பிடிக்கும் என்று விற்பவர் சொல்லிக்கொள்கிறார், அவ்வளவுதான். நிரப்பி விற்பதை வாங்கினால் அத்தனை கிலோவுக்கும் லாரி வாடகை உங்கள் தலையில்தான் விழும். ஆகவே காலிப் பை வாங்கி ஊரிலேயே நிரப்புவதுதான் சிக்கனம். இன்னொரு ஏமாற்று அகலத்தில் இருக்கிறது. காலிப் பையைத் தரையில் தட்டையாக விரித்து அகலத்தை அளந்து பாருங்கள். நிரப்பியபின் 12 இன்ச் விட்டம் வர வேண்டுமென்றால் தட்டையாக இருக்கும்போது ஏறக்குறைய 19 இன்ச் இருக்க வேண்டும். 14 இன்ச் விட்டத்துக்கு 22 இன்ச். தட்டை அகலத்தையே விட்டம் என்று போட்டு விற்கும் பைகள் உண்டு. 14 இன்ச் என்று நம்பி வாங்கினால் நிரப்பியபின் 9 இன்ச் உருளை வந்து நிற்கும். அது குழாய், பேக் இல்லை. வாங்கும் முன்பே விற்பவரிடம் தட்டை அகலம் எத்தனை என்று கேட்டுவிடுங்கள்.

எடைக்கு வருவோம். உடல் எடையில் பாதி என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். உங்கள் கணக்கில் 34 கிலோ. இது பழக்கத்தில் வந்த கணக்கு, யாரும் அளந்து நிறுவிய விதி கிடையாது. ஆனால் காரணம் சரியானது. பேக் மிக லேசாக இருந்தால் ஒரு ஜாப்பிலேயே (முன்கையால் விடும் நேர்க்குத்து) ஓடிப்போய் ஊஞ்சல் ஆடும். அது திரும்பி வரும்வரை காத்திருந்து குத்தப் பழகினால் காம்பினேஷன், அதாவது அடுத்தடுத்து விடும் தொடர் குத்து வராது, திரும்பி வரும் பேக்கை எதிர்கொண்டு குத்தும்போது மணிக்கட்டு மடங்கும் ஆபத்தும் உண்டு. மிகக் கனமாக இருந்தால் சுவரைக் குத்துவது போல அசையாது. அடியின் வேகம் பேக்குக்குள் போகாமல் முழங்கைக்கும் தோளுக்கும் திரும்பும். உதை வேறு பழகுவதால் நீங்கள் 34-லிருந்து 40 கிலோவுக்குள் எங்கே நின்றாலும் சரி. அதற்கு மேல் போனால் உங்களுக்குப் பயன் கூடாது, கூரைக்குத்தான் பாரம் கூடும்.

4 அடியா 5 அடியா என்பதற்கு இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டு உயரத்தை அளந்தால் பதில் கிடைத்துவிடும். குத்துச்சண்டை மட்டும் என்றால் 4 அடி போதும், இடுப்புக்குக் கீழே அங்கே வேலை இல்லை. கிக்பாக்ஸிங்குக்கு எதிராளியின் தொடையிலிருந்து தலைவரை இலக்கு வேண்டும். தரையிலிருந்து 2 அடி முதல் 6 அடி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 அடி பேக்கை அந்த இடத்தில் சரியாகத் தொங்கவிடலாமே என்று தோன்றும். தொங்கவிடலாம். ஆனால் பேக்கின் மேல் விளிம்பிலும் அடி விளிம்பிலும் ஐந்தாறு இன்ச் உபயோகப்படாது. அங்கே குத்தினால் பேக் தலையாட்டும், கை வழுக்கிச் சங்கிலியில் போய் நிற்கும். அதனால் 5 அடி வாங்குங்கள். மேல்தளம் 10 அடி உயரத்தில் இருந்தால், கொக்கி, ஸ்பிரிங், சங்கிலி எல்லாம் சேர்த்து 3 அடி விட்டு, பேக் 7 அடியில் தொடங்கி 2 அடியில் முடியட்டும். முய் தாய் (தாய்லாந்துக் குத்துச்சண்டை) கூடங்களில் தொங்கும் 6 அடி நீளப் பேக் தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். கணுக்கால் அருகே உதைப்பவர்களுக்கு அது வேண்டும். ஆனால் நிரப்பினால் எடை எகிறும், மாடி வீட்டுக்கு அது தேவையில்லாத தொல்லை. விட்டம் 12 இன்ச் போதும். 5 அடிக்கு 14 இன்ச் எடுத்தால் துணி நிரப்பியே 50 கிலோ வரை போய்விடும்.

தோலில் நான்கைந்து வகை வரும். உண்மையான எருமைத்தோல் உங்கள் பட்ஜெட்டில் கிடையாது. கிடைத்தாலும் சென்னைக் காற்றில் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும். கேன்வாஸ் மலிவு, கிழியாது, ஆனால் சொரசொரப்பு. வெறுங்காலில் உதைக்கும்போது முன்காலிலும் பாதத்தின் மேற்புறத்திலும் தோல் உரியும். வெறும் ரெக்சின் வழவழப்பாக இருக்கும், சில மாதங்களில் மடிப்பு மடிப்பாக வெடிக்கும். பியூ தோல் என்று விற்கும் செயற்கைத்தோல் பார்வைக்கு அழகு, ஆனால் சூடும் ஈரப்பதமும் அதன் எதிரிகள். சோபா உறை செதில் செதிலாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதிதான். லாரித் தார்ப்பாய் போலப் பிவிசி பூச்சு போட்ட கனத்த துணியில் தைத்தது இருந்தால் அதை எடுங்கள். பார்க்கச் சுமார்தான். ஆனால் துடைக்கலாம், காலைக் கீறாது, வியர்வை உள்ளே இறங்காது.

துணியைவிடத் தையல் முக்கியம். தொங்கும் பட்டைகள் பையின் வாய் விளிம்பில் மட்டும் ரிவெட் அடித்து நிற்கின்றனவா, உடம்பில் ஓர் அடியாவது இறங்கித் தைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அடிவரை ஓடி மறுபக்கம் ஏறினால் இன்னும் நல்லது, அப்போது எடை பட்டையில் நிற்கும், துணியில் நிற்காது. பட்டை தைத்த இடத்தில் சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தையல் ஓடியிருக்க வேண்டும். வளையங்களை விரலால் சுற்றிப் பாருங்கள். கம்பியை வளைத்து முனைகளைச் சும்மா ஒட்டிவைத்த டி-வளையம் சில வாரங்களில் வாய் திறக்கும். பற்றவைத்த வளையம்தான் வேண்டும். நான்கு இடத்தில் தொங்குவது நல்லது, மூன்றும் பரவாயில்லை. மேல்வாய்க்கு ஜிப் இருந்தால் அதன் மேல் ஒரு மூடியும் இருக்கட்டும், வெறும் ஜிப் உதையில் பல் இளிக்கும்.

இனி மணல். முழுக்க மணல் போடவே கூடாது, இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. 5 அடி நீளம் 12 இன்ச் விட்டம் உள்ள பைக்குள் சுமார் 110 லிட்டர் இடம் இருக்கிறது. உலர்ந்த மணல் லிட்டருக்கு ஏறக்குறைய 1.6 கிலோ. கணக்குப் போட்டால் 175 கிலோ. அந்தப் பாரத்தைத் தையலும் தாங்காது, கூரையும் தாங்காது. சரி, கால்வாசி மணல் போட்டு மீதி துணி போடலாமே என்பார்கள். குத்தக் குத்த மணல் துணியின் இடுக்கு வழியே இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு மாதத்தில் பேக்கின் அடி ஓர் அடிக்குக் கருங்கல் மாதிரி ஆகும், மேலே காற்றடைத்த தலையணை. அந்தக் கருங்கல் இருக்கும் உயரத்தில்தான் நீங்கள் லோ கிக், அதாவது தொடைக்கு விடும் உதை அடிக்கப் போகிறீர்கள். மரத்தூள் ஈரம் குடித்துக் கட்டி பிடிக்கும், உமி குத்தும், பொடியும், பூச்சியும் வரும். டயர் பொடி நன்றாக இருக்கும், ஆனால் நாற்றம் வீட்டுக்குள் வாரக்கணக்கில் போகாது.

துணிதான் சரி. இறுக்கி அமுக்கிய துணி லிட்டருக்கு 300 முதல் 350 கிராம் வரை வரும். 110 லிட்டருக்கு 33 முதல் 39 கிலோ. அதாவது உங்களுக்கு வேண்டிய எடை மணல் இல்லாமலே வந்துவிடுகிறது. சிக்கல் என்னவென்றால் 35 கிலோ துணி என்பது நாம் நினைப்பதைவிட மிக அதிகம். ஒரு சட்டை 200 முதல் 250 கிராம், அப்படியானால் 150 சட்டை. வீட்டுப் பரணில் இருப்பதை எல்லாம் இறக்கினாலும் பாதிகூட வராது. மீதிக்கு மெக்கானிக் ஷெட்டுகளில் கை துடைக்க வாங்கும் பனியன் வேஸ்ட்டைக் கிலோ கணக்கில் வாங்குங்கள். திருப்பூர்ப் பக்கம் ஆள் இருந்தால் கட்டிங் வேஸ்ட் மூட்டையாகவே கிடைக்கும், விலையும் இறங்கும். தெருவில் டெய்லர் கடை இருந்தால் வெட்டுத் துணியைச் சும்மாவே அள்ளிக்கொண்டு போகச் சொல்வார்கள். முழுப் பருத்தி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பாலியஸ்டர் கலந்திருந்தால் பேக் உலர்ந்து கிடக்கும். எதுவானாலும் நிரப்பும் முன் இரண்டு நாள் நல்ல வெயிலில் காயப்போடுங்கள். லேசாக ஈரம் இருந்தாலும் உள்ளே புழுங்கி நாறும்.

நிரப்பும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சட்டையை முழுசாக உருட்டிப் போட்டால் கட்டியும் குழியுமாக வரும். பட்டன், ஜிப், ஊக்கு எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு, துணியைக் கையகலத் துண்டுகளாகவோ பட்டைகளாகவோ கிழியுங்கள். ஜீன்ஸின் தடித்த தையல் விளிம்புகளையும் தனியே எடுத்துவிடுங்கள், அவை வெளிப்பக்கம் ஒதுங்கினால் கையில் முட்டும். பழைய யோகா மேட் ஒன்று இருந்தால் உருளையாகச் சுருட்டிப் பையின் உட்சுவரை ஒட்டி நிறுத்துங்கள். அது வெளிப்பக்கத்தை மிருதுவாக்கும், துணி புடைத்து மேடு பள்ளம் ஆவதையும் தடுக்கும். ஒருவர் பையின் வாயைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் அரை அடி உயரத்துக்குத் துணி போட்டு இடிக்க வேண்டும். இடிக்க வீட்டு உலக்கையைவிட நல்ல கருவி இல்லை. பூண் இருக்கும் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடித்துணி கிழியும். நடுவை மட்டும் இடிக்காமல் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி இடியுங்கள். அடிப்பாகத்தை இறுக்கி மேலே சோம்பேறித்தனமாக விட்டுவிடுவது மனித இயல்பு. கடைசி ஓர் அடிக்குத்தான் அதிகம் இடிக்க வேண்டும், ஏனென்றால் கீழ்ப்பாகத்தை மேலே உள்ள எடையே அமுக்கிவிடும். முழுக்க நிரப்ப இரண்டு பேருக்கு ஒரு மதியம் போய்விடும்.

எல்லாம் முடிந்தும் எடை 28 கிலோவில் நிற்கிறது, பேக் ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால் அப்போது மட்டும் கொஞ்சம் மணல். ஒரு கிலோ மணலைக் கெட்டி பிளாஸ்டிக் கவரில் முக்கால் பங்கு நிரம்பும்படி போட்டு, இன்னொரு கவரில் போட்டு, பேக்கிங் டேப் சுற்றி, துணியில் உருட்டி, பையின் நட்டநடுவில் ஒன்றன் மேல் ஒன்றாக இறக்குங்கள். நான்கு ஐந்து பொட்டலத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றைச் சுற்றியும் குறைந்தது நான்கு இன்ச் துணி இருக்க வேண்டும். கீழ் ஓர் அடியில் ஒன்றுகூட வைக்காதீர்கள்.

மாட்டுவதைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். 35 கிலோ பேக் அசையாமல் தொங்கும்போது கொக்கியில் 35 கிலோதான். அது 60 டிகிரி வரை ஆடி இறங்கும்போது கீழ்ப்புள்ளியில் இழுவை இரண்டு மடங்கு, 70 கிலோ. மேல்நோக்கிய உதையில் பேக் துள்ளி, சங்கிலி தளர்ந்து, மறுபடி டக்கென்று விறைக்கிறதே, அந்த நொடியில் அதற்கும் மேலே போகும். இது ஒருநாளில் ஆயிரம் தடவை நடக்கிறது. ஆகவே ஐந்து மடங்கு, 175 கிலோ தாங்குமா என்று கேட்டுக்கொண்டுதான் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஹால் நடுவில் ஃபேன் கொக்கி சும்மா இருக்கிறதே என்று எல்லோருக்கும் கண் போகும். கான்கிரீட் போடும் முன் கம்பிமேல் வளைத்துக் கட்டிய தடித்த கொக்கி என்றால் அது பலமானதுதான். ஆனால் அது எத்தனை மில்லிமீட்டர் கம்பி, உள்ளே கட்டியிருக்கிறார்களா இல்லையா, எவ்வளவு துருவேறியிருக்கிறது என்பதெல்லாம் கீழே நின்று பார்த்தால் தெரியாது. அது ஐந்தாறு கிலோ ஃபேனுக்குப் போட்டது, பக்கத்திலேயே மின்கம்பியும் வருகிறது. அதை விட்டுவிடுங்கள்.

கான்கிரீட் தளத்தில் புதிதாகத் துளை போடுவதென்றால் ஒற்றைக் கொக்கி போல்ட்டை நம்பாதீர்கள். ஆடும் பாரம் விரிவடையும் ஆங்கர் போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தும். நான்கு துளை உள்ள இரும்புத் தகடு, நடுவில் பற்றவைத்த வளையம், நான்கு 10 மி.மீ. ஆங்கர் போல்ட் என்று போனால் ஒன்று தளர்ந்தாலும் மூன்று பிடித்துக்கொள்ளும். துளை 60 முதல் 70 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும், பூச்சின் கனத்தைக் கழித்துவிட்டுக் கணக்கிடுங்கள், பூச்சு எதையும் தாங்காது. துளைக்குள் இருக்கும் தூளை ஊதி, பிரஷ் விட்டு எடுத்தபிறகுதான் போல்ட் போட வேண்டும். தூள் இருந்தால் பிடிமானம் குறைந்துவிடும், அவசர எலக்ட்ரீஷியன்கள் விட்டுவிடும் இடம் இதுதான். ஃபேன் பெட்டியிலிருந்து ஸ்விட்ச் பக்கம் போகும் மின்வயர் பைப் தளத்துக்குள்ளேயே ஓடும், அந்தக் கோட்டில் துளை விழக்கூடாது. பீம் இருந்தால் அதன் அடிப்பக்கத்தைத் தொடாமல் பக்கவாட்டில், உயரத்தின் நடுப்பகுதியில் தகட்டைப் பொருத்தச் சொல்லுங்கள். முக்கியக் கம்பிகள் அடியில் இருக்கின்றன, தவிரப் பக்கவாட்டில் போட்ட போல்ட்டைப் பாரம் நேராகப் பிடுங்காது. ஒரு வாரம் கழித்து எல்லா நட்டையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள், பிறகு மாதம் ஒருமுறை.

துளை போடவே கூடாத இடங்களும் இருக்கின்றன. தளத்தில் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிந்தாலோ, துருக்கறை கோடாக ஓடினாலோ வேண்டாம். கடலோரம் இருக்கும் பழைய வீடுகளில் இது சகஜம். மரச்சட்டங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையானால் அதைத் தொடவே தொடாதீர்கள். ஃபால்ஸ் சீலிங்கில் கொக்கி போடுவதை யாரும் யோசிக்க மாட்டார்கள் என்று நினைப்போம், யோசிக்கிறார்கள். சுவர் பிராக்கெட் 9 இன்ச் செங்கல் சுவரில் மட்டும்தான், அதுவும் போல்ட்டை மறுபக்கம்வரை விட்டுப் பின்னால் தகடு வைத்து முடுக்க வேண்டும். நாலரை இன்ச் தடுப்புச் சுவரும், எடை குறைந்த வெள்ளைக் கல் சுவரும் தாங்காது. உங்கள் வீட்டுத் தளம் எப்படிப்பட்டது என்று எழுத்தில் படித்துச் சொல்லிவிட முடியாது, கட்டட மேஸ்திரி ஒருவர் வந்து தட்டிப் பார்க்கட்டும்.

வாடகை வீடு என்பதால் ஓனர் சம்மதிப்பாரா என்பதே பெரிய கேள்வி. மறுத்தால் வெல்டிங் பட்டறையில் ஸ்டாண்டு செய்துகொள்ளலாம். 2 இன்ச் சதுரக் குழாய், 2 மி.மீ. கனம், மீட்டருக்குச் சுமார் 3 கிலோ வரும். அடியில் 4 அடிக்கு 4 அடி சட்டம், பின்னால் ஒரு தூண், மேலே முன்னோக்கி நீளும் கை, தூணும் கையும் சேரும் மூலையில் சாய்வாக ஒரு முட்டு. 10 மீட்டருக்கு மேல் குழாய் பிடிக்கும், 30 கிலோவுக்கும் கூடுதல். பட்டறையில் கிலோ கணக்கில்தான் விலை சொல்வார்கள், ஆகவே இந்த வழியில் போனால் 5000 போதாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கால்களின்மேல் 25 கிலோ மணல் மூட்டை குறைந்தது மூன்று வைக்காவிட்டால் ஸ்டாண்டு நடந்து போகும். அந்தச் சாய்வு முட்டு இல்லாமல் மிச்சம்பிடித்தால் ஒரு மாதத்தில் கை தலைகுனியும்.

மொட்டை மாடியில் லிஃப்ட் அறையோ படிக்கட்டுக் கூரையோ இருந்தால் அதன் அடியில் மாட்டலாம், கேட்டுப் பாருங்கள். சொந்த ஊரில் வீட்டுக்குப் பின்னால் மரம் இருக்கிறதென்றால் வேம்பும் புளியும் தாங்கும். தொடை கனத்துக்குக் குறையாத உயிருள்ள கிளையாக, அடிமரத்தை ஒட்டிய பக்கமாகப் பாருங்கள். பட்டை அறுபடாமல் சாக்கைச் சுற்றி, அதன்மேல் அகலமான நைலான் பட்டையைப் போடுங்கள். முருங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் இரும்பு டிரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம்) இருந்தால் அதன் கம்பிகள் சேரும் கணுவில் மட்டும், ஷீட்டைத் தாங்கும் மெல்லிய குறுக்குக் கம்பியில் கூடாது.

கூரைக்கும் பேக்குக்கும் நடுவே இருக்கும் சாமானில் ஸ்விவல் (சுழலும் இணைப்பு) ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். உதையில் பேக் சுழலும், சுழல இடமில்லாவிட்டால் சங்கிலி முறுக்கிக்கொண்டு வளையத்தை அறுக்கும். சங்கிலி ஜி.ஐ. பூச்சு (துரு பிடிக்காமலிருக்கப் போடும் துத்தநாகப் பூச்சு) போட்டது, 6 மி.மீ. கம்பிக் கனத்துக்குக் குறையாமல். சாவிக்கொத்துக்கு விற்கும் காரபைனரை (ஸ்பிரிங் வாய் வைத்த கொக்கி) போடக்கூடாது, எத்தனை கிலோ தாங்கும் என்று உடம்பிலேயே பொறித்தது வேண்டும். அதற்குப் பதில் நட்டு போட்ட டி-ஷாக்கிள் (முள் போட்டு மூடும் டி வடிவ இரும்பு வளையம்) இன்னும் மலிவு, இன்னும் பலம். அதன் முள் தளராமல் ஒரு கம்பியால் கட்டிவிடுங்கள். மேல் வீட்டுக்காரரோடு சமாதானமாக இருக்க விரும்பினால் ஒரு ஸ்பிரிங்கும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதிர்வு கொக்கி வழியே தளத்தில் ஏறிப் பக்கத்து அறைகளுக்கும் போகும். ஸ்பிரிங் அதைக் குறைக்கும், அறவே போக்காது. ஸ்பிரிங்குக்குப் பக்கத்திலேயே ஒரு தளர்ந்த சங்கிலித் துண்டைக் காவலாகப் போட்டுவிட்டால் அது அறுந்தாலும் பேக் விழாது. பேக் ரொம்ப ஆடினால் அடி வளையத்திலிருந்து ரப்பர்க் கயிறு ஒன்றைத் தரையில் 10 கிலோ எடையோடு கட்டிவிடுங்கள். சுற்றிலும் 4 அடி வெற்றிடம் இருக்கிறதா என்றும் பாருங்கள், ரவுண்ட்ஹவுஸ் (பக்கவாட்டில் சுழற்றி விடும் உதை) அடித்துவிட்டுக் கால் டீவியில் நிற்கக்கூடாது.

தரையில் நிறுத்தும் பேக் வாங்கிவிடலாமே என்பதும் நியாயமான கேள்விதான். துளை வேண்டாம், ஓனர் வேண்டாம். ஆனால் மலிவானவற்றில் அடித்தொட்டி சிறிது, கழுத்து பிளாஸ்டிக். குத்துக்குச் சமாளிக்கும், 68 கிலோ ஆள் இடுப்பைத் திருப்பி உதைத்தால் நகர்ந்துகொண்டே போகும், கழுத்து வெடிக்கும். அதைத்தான் வாங்குவதென்றால் தொட்டியில் தண்ணீருக்குப் பதில் மணல் போடுங்கள், அடியில் ரப்பர் மேட் விரியுங்கள். மணல் இங்கேதான் உபயோகம்.

கைக்கு வருவோம். 180 இன்ச் ஹேண்ட் ராப் (கையில் சுற்றும் துணிப்பட்டை) ஒரு ஜோடி, 12 அல்லது 14 அவுன்ஸ் கிளவுஸ் ஒரு ஜோடி. வகுப்பில் ஸ்பாரிங் செய்யும், அதாவது எதிராளியோடு மோதிப் பழகும் கிளவுஸைப் பேக்குக்குப் போடாதீர்கள். பேக்கை அடிக்க அடிக்கப் பஞ்சு அமுங்கிக் கெட்டிப்படும், பிறகு அது எதிராளியின் முகத்தைப் பதம் பார்க்கும். பேக் சரியாக நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க, ராப் கட்டி கிளவுஸ் போட்டு, மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு சாணுக்கும் ஒரு குத்து விடுங்கள். எல்லா உயரத்திலும் கை ஒரே அளவு உள்வாங்க வேண்டும். எங்காவது விரல் கணுவில் சுருக்கென்றால் அங்கே பிரித்துத் திரும்ப நிரப்புங்கள். முதல் இரண்டு வாரம் முழு வேகம் வேண்டாம். குத்தியபின் சுண்டுவிரல் பக்கப் புறங்கை வீங்கினாலோ, கட்டைவிரலின் அடிக்குழியில் அமுக்கினால் வலித்தாலோ எலும்பு டாக்டரிடம் போங்கள். முதலாவது, முஷ்டியின் ஓர எலும்பு முறிந்த அறிகுறியாக இருக்கலாம். இரண்டாவது இடத்தில் உள்ள சின்ன எலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும், வலி நீடித்தால் திரும்பவும் போய்க் காட்டுங்கள்.

மாட்டிய பிறகு பத்துப் பதினைந்து நாளில் துணி நான்கைந்து இன்ச் இறங்கும், அது இயல்பு. அதற்கென்று ஐந்து கிலோ துண்டுத் துணியை எடுத்து வைத்திருங்கள். ஒரே பக்கத்தில் அடித்து அடித்துக் குழி விழாமல் வாரம் ஒருமுறை கால் சுற்றுத் திருப்பிவிடுங்கள். வியர்வையை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள், தோல் வியாதி பேக்கிலிருந்தும் வரும். மொட்டை மாடியில் மாட்டினால் மழையைவிட வெயில்தான் பூச்சைத் தின்னும், பழைய போர்வை ஒன்றால் மூடிவையுங்கள்.

கடைசியாக, புதிதுதான் வேண்டும் என்றில்லை. ஜனவரியில் ஆசையாக வாங்கியவர்களின் பேக் ஜூன், ஜூலையில் பழைய சாமான் விற்கும் ஆப்களில் வரும், பெரும்பாலும் கிளவுஸோடு சேர்த்து. நேரில் போய் அடிப்பாகத்தை முழங்கையால் அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் உள்ளே மணல். தோலும் வளையமும் நன்றாக இருந்தால் வாங்கி, மணலைக் கொட்டிவிட்டுத் துணி நிரப்புங்கள். முகர்ந்து பார்த்துப் பூசண வாடை அடித்தால் விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிட்டு வாருங்கள்.